பழைய கண்ணாடிச் சட்டத்துக்குத் தங்க ரேக்கு ஒட்டலாமா?

9 ஜூன் 2024, கேள்வி (கரூர் வாசகர்)

"அப்பாயியின் முகம் பார்க்கும் கண்ணாடி. தேக்குச் சட்டம், மேலே கிரீடம் மாதிரி செதுக்கல். பழைய பொன்பூச்சு அங்கங்கே உதிர்ந்துவிட்டது என்று கோல்டன் பெயின்ட் வாங்கி நாலு பக்கமும் அடித்தேன். கடுகை அரைத்து அப்பியது போல இருக்கிறது. கிரீடத்தில் இன்னும் கை வைக்கவில்லை. ரேக்கு ஒட்டினால் சரியாகுமா? 'பெயின்டும் ரேக்கும் ஒன்றுதான், ரெண்டும் மஞ்சள்தானே' என்கிறார் எங்கள் பெயின்டர் அண்ணன். தங்கம் என்றால் நமக்குக் கட்டுப்படியாகுமா?"

9 ஜூன் 2024, இரவு

ஒன்று இல்லை தம்பி. பெயின்டில் இருப்பது பொடி. எண்ணெயில் மிதக்கிற துணுக்குகள் ஒவ்வொன்றும் ஒரு பக்கம் சாய்ந்து காய்ந்துவிடும். அதில் விழுகிற வெளிச்சம் சிதறிப் போகும். ரேக்கு என்பது காகிதத்தைவிட மெல்லிசாகத் தட்டிய உலோகத் தாள், இலை என்றும் சொல்வோம். அது முழுசாக ஒரே தகடு. அதில் படுகிற வெளிச்சம் திரும்பி வரும். கரண்ட் போன ராத்திரியில் தஞ்சாவூர்ப் படத்துக்கு முன்னால் ஒரு அகல் ஏற்றிப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

விலைக்குப் பயப்பட வேண்டாம். சட்டத்தின் அளவு 60 x 45 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். சுற்றளவு 210 செ.மீ. மேடு பள்ளத்தோடு சேர்த்து அகலம் 10 செ.மீ. என்றால் 2,100 சதுர செ.மீ. தங்கத்துக்குப் பதிலாகப் பொன் நிறத்தில் பித்தளை ரேக்கும் உண்டு. அது 14 செ.மீ. சதுரமாக வரும், ஒரு கட்டில் 25 தாள். கணக்குப்படி 11 தாள் போதும். ஒன்றின் மேல் ஒன்று ஏறுவது, கிழிவது எல்லாம் சேர்த்து 16 வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டிலேயே முடிந்துவிடும், சில நூறு ரூபாய்தான். சுத்தத் தங்கம் 8 செ.மீ. சதுரமாக வரும். அதில் 45 இலை, அதாவது இரண்டு கட்டு வேண்டும். விலை நிறையத்தான். ஆனால் நகைக்கடைக் கணக்கில் யோசிக்காதீர்கள். ஒரு கட்டு 25 இலையில் இருக்கிற தங்கம் ஏறக்குறைய 0.3 கிராம், மூன்று குன்றிமணிகூட வராது.

எப்படிச் செய்வது: சட்டத்தை ஈரத்துணியால் துடையுங்கள், உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்குங்கள், செங்காவி அடியுங்கள், பசை தடவுங்கள், கால் மணி நேரம் விட்டு ரேக்கு ஒட்டுங்கள். விவரமாகப் பிறகு எழுதுகிறேன்.

10 ஜூன், காலை 6 மணி

தம்பி, ஈரத்துணியை எடுத்திருந்தால் கீழே வையுங்கள். நேற்று நான் எழுதியதில் அது தப்பு. ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது.

ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால், காரைக்குடிப் பக்கம் ஒரு உறவுக்காரர் வீட்டில் பெல்ஜியம் கண்ணாடி ஒன்றைப் புதுப்பிக்கச் சொன்னார்கள். செட்டிநாட்டு வீடுகளில் அப்படி நிறையக் கண்ணாடிகள் கப்பலில் வந்து இறங்கியவை. தூசி கனமாகப் படிந்திருந்தது. துணியை நனைத்து நன்றாகப் பிழிந்துதான் துடைத்தேன். இரண்டாவது இழுப்பில் துணியில் மஞ்சளாக ஏதோ மின்னியது. அழுக்கு என்று நினைத்தேன். மூன்றாவது இழுப்பில் செம்மண் மாதிரி ஒரு சேறு வந்தது. துணியை விரித்துப் பார்த்தால் பொன்னும் செம்மண்ணும் கலந்து இழுபட்டிருக்கிறது. சட்டத்தில் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளையாகத் தெரிகிறது. நூறு வருஷம் நின்றதை மூன்று இழுப்பில் எடுத்துவிட்டேன். அந்த வீட்டு ஆச்சி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தத் துணி இன்னும் என்னிடம் இருக்கிறது.

ஏன் அப்படி வந்தது என்று பிறகு தெரிந்துகொண்டேன். பழைய ஐரோப்பியச் சட்டங்களில் மரத்தின் மேல் சுண்ணப்பொடியையும் விலங்குப் பசையையும் குழைத்துப் பல பூச்சு பூசி, அதன்மேல் வெண்ணெய் போன்ற ஒரு செங்களிமண் தடவுவார்கள். ஒட்டுகிற நேரத்தில் அந்தக் களிமண்ணைத் தண்ணீரால் நனைத்தால் பசை இளகும், இலையைப் பிடித்துக்கொள்ளும். காய்ந்ததும் அகேட் என்கிற வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவார்கள். அப்போது அது வார்த்த தங்கம் போலவே இருக்கும். ஆனால் தண்ணீரில் ஒட்டியது தண்ணீரிலேயே போகும்.

அதனால் முதலில் சட்டத்தின் பின்பக்கத்து ஓரத்தில் ஒரு காதுகுடையும் பஞ்சை லேசாக நனைத்துத் தொட்டுப் பாருங்கள். உதிர்ந்த இடத்தில் மரம் தெரிகிறதா, வெள்ளை தெரிகிறதா என்றும் பார்த்துச் சொல்லுங்கள்.

10 ஜூன், மாலை

கீழே வெள்ளை, அதன்மேல் செம்பு நிறத்தில் ஒரு பூச்சு என்று பதில் போட்டிருக்கிறீர்கள். அப்படியானால் உங்கள் அப்பாயி கண்ணாடியில் இருந்தது அசல் பொன் இலையாகத்தான் இருக்க வேண்டும். கிரீடத்தில் கை வைக்காததற்கு உங்களுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். அதை இனியும் தொடாதீர்கள். பூனைமுடி மாதிரி மெத்தென்ற பிரஷால் தூசியை மட்டும் தட்டுங்கள். தேய்ந்த இடத்தில் செம்மண் தெரிவதுதான் அதன் அழகு.

நாலு பக்கமும் அடித்த பெயின்டைச் சுரண்டி எடுக்கப் பார்க்க வேண்டாம், அடியில் இருக்கிற சுண்ணமும் பெயர்ந்துவிடும். அதன் மேலேயே வேலை செய்யலாம்.

15 ஜூன்

விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேனே. நான் பதினோரு வருஷத்துக்கு முன்னால் தஞ்சாவூரில் படம் போடக் கற்றுக்கொண்டேன். வீட்டுச் சாமான்களுக்கு ரேக்கு ஒட்ட ஆரம்பித்தது அதற்குப் பிறகு. முதலில் இரண்டும் ஒரே வேலை என்று நினைத்தேன், இல்லை. தஞ்சாவூர்ப் படத்துக்கு வாங்குகிற ரேக்கு கொஞ்சம் தடிப்பு. கத்தரிக்கோலால் வெட்டலாம், கையால் எடுத்து வைக்கலாம். நான் இங்கே சொல்கிற இலை கையில் பட்டால் ரேகைக்குள் போய்விடும், துடைத்தால் வராது.

தளம். இதற்குத்தான் பாதி நாள் போக வேண்டும். 220 நம்பர் உப்புத்தாள், அப்புறம் 320, அப்புறம் 400. பிறகு கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் தடவுங்கள், கண்ணுக்குத் தெரியாத நெருடல் விரலுக்குத் தெரியும். ரேக்கு எதையும் மறைக்காது. பெயின்ட் அடித்தால் சின்னக் கீறல் மூடிக்கொள்ளும். ரேக்கு ஒட்டினால் அதே கீறலை விளக்குப் போட்டுக் காட்டும். தலைமுடி ஒன்று அடியில் சிக்கிக்கொண்டால் அது தங்க முடியாக என்றென்றைக்கும் தெரியும்.

செதுக்கலில் எங்காவது இலையோ பூவோ உடைந்திருந்தால் மரத்தூளும் பெவிகாலும் வைத்து அடைக்காதீர்கள். நம் ஊர் மக்குதான் அதற்குச் சரி. சுக்கான் பொடியும் (சுண்ணாம்புக்கல் பொடி) அரபிக் கோந்தும் சேர்த்துத் தோசை மாவு பதத்துக்குக் குழைத்து, பிரஷ் நுனியால் சொட்டுச் சொட்டாக வைத்து உயர்த்துங்கள். ஒரு சொட்டு காய்ந்த பிறகுதான் அடுத்தது. அவசரப்பட்டு ஒரேயடியாக அப்பினால் வெடிக்கும். ஐரோப்பியச் சட்டத்தில் சுண்ணப்பொடியும் பசையும், நம் பலகைப் படத்தில் சுக்கானும் கோந்தும். எவ்வளவு தூரத்தில் இருந்தவர்கள் ஒரே வழியைக் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

அடைப்பு. மரமும் சுண்ணமும் பசையைக் குடித்துவிடும். அதனால் ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு பாலிஷ் இரண்டு கை. கடையில் ஷெல்லாக் என்று கேட்டாலும் கொடுப்பார்கள்.

அடிநிறம். செங்காவி. ஹார்டுவேர் கடை ரெட் ஆக்சைடே போதும், ஆனால் மெல்லிசாக. ரேக்கு ஒட்டும்போது மயிரிழை போலச் சின்னச் சின்ன வெடிப்பு விழும். அது வழியாகச் செம்மை எட்டிப் பார்த்தால்தான் தங்கம் சூடாகத் தெரியும். வெள்ளை எட்டிப் பார்த்தால் ஜிகினா ஒட்டியது போல ஆகிவிடும். வெள்ளி நிற ரேக்குக்குக் கருப்பு அடிநிறம் நன்றாக இருக்கும்.

பசை. ரேக்குக்கென்றே விற்கிற தண்ணீர்ப் பசை, பால் மாதிரி இருக்கும். மெல்லிசாக ஒரே ஒரு பூச்சு. குளம் கட்டவே கூடாது. வெள்ளை போய்க் கண்ணாடி மாதிரி ஆகும்வரை காத்திருங்கள். தஞ்சாவூர்ப் படத்துக்குப் பெவிகாலைத் தண்ணீரில் கரைத்துத் தடவி ஒட்டுகிறோம், அது தடித்த ரேக்குக்குச் சரி. இந்த மெல்லிய இலைக்கு அது ஒத்துவராது. ஈரமாக இருந்தால் இலையை நனைத்துச் சுருக்கும், காய்ந்துவிட்டால் ஒட்டவே ஒட்டாது. நமக்கு வேண்டியது இரண்டுக்கும் நடுவில் இருக்கிற அந்தப் பிசுபிசுப்பு.

இலை. கையில் கொஞ்சம் டால்கம் பவுடர். இலையைத் தாளோடு எடுத்து, ஒரு ஓரத்தை முதலில் தொடவிட்டு, மீதியைத் தானாகப் படுக்க விடுங்கள். பட்டதை எடுத்துத் திருத்த முடியாது. அடுத்த இலை முந்தையதன் மேல் நாலைந்து மில்லிமீட்டர் ஏற வேண்டும். எல்லாம் ஒட்டியதும் பஞ்சால் ஒற்றி, பிறகு மெத்தென்ற பிரஷால் சுழற்றித் துடைத்தால் ஒட்டாத துணுக்குகள் எழும்பி வரும். அவற்றை ஒரு பாட்டிலில் சேர்த்து வையுங்கள். விட்டுப்போன பொத்தல்களுக்கு அவைதான் மருந்து.

15 ஜூன், கொஞ்ச நேரம் கழித்து

முக்கியமானதை விட்டுவிட்டேன். ஃபேன்! நிறுத்துங்கள். ஜன்னலையும் சாத்துங்கள். ஒரு தடவை நான் இலையைத் தூக்கியிருக்கிற நேரத்தில் பேரன் கதவைத் திறந்தான். அது பறந்துபோய்க் காலண்டரில் முருகன் வேல் மேல் உட்கார்ந்தது. இன்னும் அங்கேதான் இருக்கிறது, எடுக்க மனசு வரவில்லை.

23 ஜூன்

"கால் மணி நேரம்" என்று முதல் நாள் எழுதியதை மாற்றுகிறேன். நேரத்தைப் பார்க்கவே பார்க்காதீர்கள். இங்கே ஸ்ரீரங்கத்தில் சித்திரை வெயிலில் பத்து நிமிஷத்திலேயே பசை தெளிந்துவிடுகிறது. ஐப்பசி மழையில் ஒரு மணி நேரமானாலும் ஓரங்களில் பால் நிறம் போகாது. கடிகாரத்தை நம்பி ஒட்டிய வேலைகள் எனக்கு இரண்டு தடவை சுருங்கின. விரலை மடக்கி முட்டியால் தொடுங்கள். எடுக்கும்போது லேசாக இழுத்து "டிக்" என்று ஒரு சத்தம் வர வேண்டும், முட்டியில் பசை ஒட்டியிருக்கக் கூடாது. அந்தச் சத்தம்தான் கணக்கு. விரல் நுனியால் ஏன் தொடக் கூடாது என்றால், நுனியில் எண்ணெய் உண்டு, ரேகை பதியும்.

எண்ணெய்ப் பசையும் உண்டு. 3 மணி நேரப் பசை, 12 மணி நேரப் பசை என்று விற்கிறார்கள், அந்த நேரத்துக்குப் பிறகுதான் ஒட்டும் பதம் வரும். மெதுவாகக் காய்வதால் பிரஷ் தடமெல்லாம் தானாகப் படிந்துவிடும், பளபளப்பு கூடும். அவசரமில்லாதவர்களுக்கு அதுதான் என் சிபாரிசு. ராத்திரி தடவிவிட்டுக் காலையில் ஒட்டலாம்.

4 ஜூலை

"ஆன்லைனில் 24 காரட் என்று போட்டு மலிவாகக் கிடைக்கிறதே, வாங்கலாமா" என்று இன்னொரு வாசகி கேட்டிருக்கிறார். நானும் ஒரு விற்பனையாளரிடம் அப்படி வாங்கினேன். 14 செ.மீ. சதுரத்தில் வந்ததைப் பார்த்ததுமே சந்தேகம். எலுமிச்சம்பழச் சாற்றில் கல்லுப்பைப் போட்டு ஒரு துணுக்கின் மேல் விட்டு ராத்திரி முழுக்க வைத்தேன். காலையில் பச்சை. தங்கமாக இருந்தால் அப்படியே இருந்திருக்கும். பித்தளை ரேக்கு கெட்ட பொருள் இல்லை, நானே நிறையப் பயன்படுத்துகிறேன். செம்பும் துத்தநாகமும் என்று நேர்மையாகச் சொல்லி விற்கட்டும். தஞ்சாவூர்ப் படம் வாங்குகிறவர்களுக்கும் இதே கதைதான் நடக்கிறது. அசல் என்று நம்பி வாங்கியது சில வருஷத்தில் புகைபிடித்தது போல ஆகிவிடும்.

வேறொரு வழியும் இருக்கிறது. ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிராக இலையைப் பிடியுங்கள். அசல் இலையின் தடிப்பு சுமார் 0.1 மைக்ரான்தான். அது வழியாக வெளிச்சம் வரும், அதுவும் பச்சையாக வரும்! முதல் தடவை பார்த்தபோது வேலையை விட்டுவிட்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். மேலே பொன், ஊடே பார்த்தால் பாசி நிறக் குளம். பித்தளை ரேக்கு இதைவிடப் பலமடங்கு தடிப்பு, வெளிச்சத்தை மறைத்துவிடும். 8 கிராம் சுத்தத் தங்கத்தை 0.1 மைக்ரானுக்குத் தட்டினால் 4 சதுர மீட்டருக்கு மேல் விரியும். ஒரு சவரன் எடை, ஒரு சின்ன அறையின் தரை.

20 ஜூலை

வெள்ளி வர்க் பற்றிக் கேட்டவருக்கு. காஜு கத்லி மேல் ஒட்டுகிற அதே வர்க்கைக் கொலு பொம்மைக்கு ஒட்டிப் பார்த்திருக்கிறேன். ஒட்டும். ஆனால் ஓரம் ஒழுங்கில்லாமல் இருக்கும், தொட்டால் கிழியும், சதுரம் சதுரமாக அடுக்க முடியாது. சின்னப் பொம்மையின் கிரீடத்துக்குச் சரி, தட்டுக்கோ சட்டத்துக்கோ வேண்டாம். அப்புறம் வெள்ளி கருக்கும். காற்றில் இருக்கிற கந்தகம் பட்டாலே போதும். மேலே பூச்சு போட்டே ஆக வேண்டும். வெள்ளி நிறம்தான் வேண்டுமென்றால் அலுமினிய ரேக்கு வாங்குங்கள், கருக்காது. வெள்ளியின் அந்த ஈர மினுமினுப்பு மட்டும் அதில் வராது.

முன்பு வர்க்கை மாட்டுக் குடல் தோலுக்கு நடுவில் வைத்துத் தட்டுவார்கள் என்று பலர் வாங்கத் தயங்கினார்கள். 2016இல் உணவுப் பாதுகாப்பு விதிகளில் விலங்குப் பொருள் எதையும் பயன்படுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

21 ஜூலை

தட்டுவது பற்றிப் பேச்சு வந்ததால்: மியான்மர் நாட்டு மாண்டலேயில் இன்றைக்கும் கையால்தான் சம்மட்டி போட்டுத் தட்டுகிறார்கள், மூங்கில் கூழில் செய்த தாள்களுக்கு நடுவில் வைத்து. அங்கே மகாமுனி புத்தர் சிலைக்குப் பக்தர்கள் இலை ஒட்டி ஒட்டி, பல தலைமுறைத் தங்கம் உடம்பில் புடைத்துக்கொண்டு நிற்கிறது, முகம் மட்டும் தெளிவாக இருக்கும். ஜப்பானில் கனசாவா என்கிற ஊர் அந்த நாட்டின் பொன் இலையில் கிட்டத்தட்ட முழுவதையும் செய்கிறது. அங்கே இலையை 10.9 செ.மீ. சதுரமாக வெட்டுகிறார்கள். காகிதத்தைப் பக்குவம் செய்து அதற்கு நடுவில் தட்டும் அவர்களுடைய பழைய முறை 2020இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது, மரக் கட்டடங்களைக் காக்கும் மற்ற கைத்தொழில்களோடு சேர்த்து. உடைந்த கிண்ணத்தைத் தங்க ரேக்கால் ஒட்டுகிற கின்ட்சுகியும் அந்த நாட்டு வேலைதான்.

22 ஜூலை

திருத்தம். கின்ட்சுகியில் ரேக்கு இல்லை. உடைப்பை மரப்பால் அரக்கால் ஒட்டி, அந்தக் கோட்டின் மேல் தங்கப் பொடியைத் தூவுகிறார்கள். ஒட்டுவது அரக்கு, தங்கம் இல்லை. சுட்டிக்காட்டிய வாசகர் சொன்னது சரி. நான் "பொடி வேறு, தகடு வேறு" என்று ஆரம்பித்த இழையில் நானே இரண்டையும் கலந்துவிட்டேன்.

11 ஆகஸ்ட்

இதை எழுத மனசு கஷ்டமாக இருக்கிறது, ஆனால் எழுதினால்தான் இன்னொருவருக்கு நேராது.

என் தங்கை மகள் நிச்சயதார்த்தத்துக்கு ஏழு மரத் தட்டுகளுக்குப் பித்தளை ரேக்கு ஒட்டிக் கொடுத்தேன். பழம், பூ, புடவை வைக்கிற வரிசைத் தட்டுகள். முடித்த அன்று ஏழும் சூரியன் மாதிரி இருந்தன. மூன்று வாரம் கழித்து ஒரு தட்டின் ஓரத்தில் பழுப்பாக ஒரு கறை. துடைத்தேன், போகவில்லை, மேற்பூச்சுக்கு அடியில் இருக்கிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் வளைவு வளைவாக, சுழி சுழியாக, கட்டைவிரல் ரேகை. என்னுடையதுதான். தழும்பு ஒன்று அந்த ரேகையைக் குறுக்கே வெட்டுகிறது, என் வலது கட்டைவிரலில் இருக்கிற அரிவாள்மணைத் தழும்பு. ஒட்டும்போது கையில் பவுடர் போட்டேன், சரி. ஒட்டி முடித்து, பூச்சு போடுவதற்கு முன்னால், திருப்பிப் பார்க்கத் தட்டைத் தூக்கினேனே, அப்போது பவுடர் இல்லை. வியர்வை உப்பு செம்பின் மேல் உட்கார்ந்தது. அதை அப்படியே வார்னிஷால் மூடிவிட்டேன், உள்ளேயே வேலை செய்துகொண்டிருந்திருக்கிறது.

தட்டின் அந்த ஓரத்தை மட்டும் சுரண்டி மறுபடியும் ஒட்டினேன். இப்போது இரண்டு பழக்கம் வைத்திருக்கிறேன். ஆரம்பம் முதல் பூச்சு காயும்வரை பருத்திக் கையுறை. அப்புறம், பித்தளை ரேக்குக்கு முதல் பூச்சு அரக்கு பாலிஷ்தான். தண்ணீர் வார்னிஷ் சிலவற்றில் அமோனியா இருக்கும், அது செம்பைக் கருக்கும். அசல் தங்கத்துக்கு இந்தக் கவலையே இல்லை. கை படுகிற இடமாக இருந்தால் மட்டும் தேய்மானத்துக்காக மெல்லிய பூச்சு போடலாம், இல்லாவிட்டால் சும்மா விடுங்கள். எந்தப் பூச்சு போட்டாலும் பொன்னின் ஒளி ஒரு படி இறங்கும்.

இன்னொன்றும் இதோடு சொல்லிவிடுகிறேன். வரிசைத் தட்டில் வாழைப்பழம் வைக்கலாம், தோல் இருக்கிறது. வெட்டிய பழம், இனிப்பு, சாப்பாடு நேராகப் படக் கூடாது. டம்ளர், கிண்ணம் என்றால் வெளிப்பக்கம் மட்டும், அதுவும் வாய் வைக்கிற விளிம்பிலிருந்து ஒரு அங்குலம் விட்டு. அகல் விளக்குக்கு ஒட்டுவதாக இருந்தால் திரி வைக்கிற மூக்குப் பக்கம் வேண்டாம். சூட்டில் பசை இளகி, எண்ணெய் உள்ளே புகுந்து, ரேக்கு தோல் உரிவது போல உரியும்.

1 செப்டம்பர்

கொலு வருகிறது, நாலு பேர் ஒரே கேள்வி கேட்டிருக்கிறீர்கள். பண்ருட்டியிலிருந்து வருகிற காகிதக் கூழ் பொம்மை, விளாச்சேரி மண் பொம்மை, இரண்டுக்கும் ரேக்கு நன்றாகப் பிடிக்கும். ஆனால் பொம்மை முழுக்கத் தங்கமாக்காதீர்கள். தசாவதாரத்துக்குக் கிரீடம், ஒட்டியாணம், சங்கு சக்கரம் போதும். தஞ்சாவூர்ப் படத்திலும் அப்படித்தானே. நகைக்கும் மண்டபத்துக்கும் தங்கம், முகத்துக்கு வண்ணம். முகம் தங்கமானால் கண் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கும்.

மரப்பாச்சிக்கு ரேக்கு ஒட்டலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஒட்டாதீர்கள், தயவுசெய்து. செஞ்சந்தன மரத்தின் நிறத்துக்கு மேல் இன்னொரு நிறம் எதற்கு? பாட்டி, அம்மா என்று கைமாறி வந்த தேய்மானம் அதில் இருக்கிறது. பட்டுத்துணி உடுத்தி வையுங்கள், போதும். பித்தளைக் குத்துவிளக்கும் அப்படியே. புளி போட்டுத் தேய்த்தால் அது தானாகவே பொன் மாதிரி வரும். பித்தளை மேல் பித்தளை ரேக்கு ஒட்டிவிட்டு அப்புறம் புளி போட முடியாமல் தவிக்க வேண்டும்.

7 அக்டோபர்

நவராத்திரி நடுவில் ஒரு வரி மட்டும். தாம்பூலம் வாங்க வந்த குழந்தைகள் எல்லோரும் மச்சாவதாரத்தின் வாலைத்தான் தொட்டார்கள், கீழ்ப் படியில் ஓரத்தில் இருந்தது. ஐந்து நாளில் வால் நுனி செங்காவியாகிவிட்டது. அடுத்த வருஷம் அதை மேல் படிக்கு ஏற்றப் போகிறேன். கண் போகிற இடத்தில் ரேக்கு, கை போகிற இடத்தில் வண்ணம் என்று படிகளைத் திட்டம் போட்டே அடுக்கலாம்.

24 நவம்பர்

கரூர்த் தம்பி படம் அனுப்பியிருக்கிறார். நாலு பக்கமும் பித்தளை ரேக்கு, 17 தாள் ஆனதாம். கிரீடத்தில் அசல் பொன் அப்படியே. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் நிற வித்தியாசம் தெரியுமோ என்று பயந்திருந்தேன். தெரியத்தான் செய்கிறது: கிரீடம் தேன் நிறம், சட்டம் கொஞ்சம் எலுமிச்சை. அரக்கு பாலிஷை இன்னும் ஒரு கை கொடுத்தால், அதன் பழுப்பு சேர்ந்து சட்டம் கிரீடத்தோடு நெருங்கிவரும். ஒரு ஓரத்தில் பார்த்துவிட்டுச் செய்யுங்கள் தம்பி.

கீழ் மூலையில் கட்டைவிரல் அளவுக்கு ரேக்கு தூக்கியிருக்கிறதே, அந்தப் பக்கம் குளியலறைச் சுவரா? மழைக்காலத்தில் சுவர் ஈரத்தை இழுக்கும். சட்டத்தின் பின்னால் நாலு மூலையிலும் கார்க் துண்டு ஒட்டிச் சுவரிலிருந்து ஒரு விரல் தள்ளி மாட்டுங்கள். மூலையைக் காயவிட்டு, தூக்கியதை மட்டும் எடுத்துவிட்டு, பாட்டிலில் சேர்த்து வைத்த துணுக்குகளால் அடைத்துவிடலாம். ஆனால் இந்த வாரம் வேண்டாம். வானிலை அறிக்கையில் மழை என்கிறார்கள், பசை தெளியாது. வெயில் முகம் பார்த்த பிறகு, முட்டியால் தொட்டு அந்தச் சத்தம் வந்ததும் ஒட்டுங்கள்.

24 நவம்பர், இரவு

அப்பாயி பார்த்துவிட்டு என்ன சொன்னார் என்று கேட்க மறந்துவிட்டேன்.

25 நவம்பர்

"சட்டத்தைப் பார்க்கவே இல்லை அக்கா. கிரீடத்தில் ஒரு இடத்தை விரலால் காட்டி, 'இந்தப் பூவு ஒடைஞ்சது உங்க அப்பன் பந்து எறிஞ்சு' என்றார்கள்" என்று பதில் வந்திருக்கிறது. அந்தப் பூவுக்கு மக்கு வைக்க வேண்டாம். அப்படியே இருக்கட்டும்.